ஸ்மார்ட் போர்டு பேசுகிறது, பிள்ளைகள் பேசவில்லையே!

வாசகர் கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு யூடியூபில் ஆங்கிலக் கதை வீடியோக்கள் போட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள், கதையும் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட வாயில் வருவதில்லை. பிபிசி ஆடியோ போட்டேன், வேகம் தாங்காமல் விழித்தார்கள். தமிழ் சப்டைட்டில் போடலாமா? எந்த ஊர் உச்சரிப்பைக் கேட்க வைப்பது? இங்கே நெட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. தலைமையாசிரியரோ, "படம் காட்டியே பொழுதை ஓட்டுறீங்களா டீச்சர்?" என்கிறார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ லிங்க் அனுப்பினால் பயன் இருக்குமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பன்னிரண்டு நிமிட வீடியோவை ஒரு நிமிடம் ஆக்குங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பிள்ளைகளுக்குக் கதை புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரியத்தான் செய்யும். நரி ஓடுகிறது, கோழி மரத்தில் ஏறிக்கொள்கிறது, நரி ஏமாந்து நிற்கிறது. இதற்கு ஆங்கிலம் எதற்கு? ஒரு நாள் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு புதுக் கதையைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கதையைச் சரியாகச் சொல்வார்கள். படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் காது எதற்காக மெனக்கெட வேண்டும்? உங்கள் வகுப்பில் நடந்தது அவ்வளவுதான். பிள்ளைகள் மேல் குறை இல்லை, வீடியோ மேலும் குறை இல்லை. கண்ணையும் காதையும் ஒரே நேரத்தில் வேலைக்கு விட்டதுதான் சிக்கல்.

எனவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். எப்படி என்று ஒரே ஒரு வகுப்பை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நட்டதும் தோண்டியதும் மூட்டை கட்டியதும் அவர்கள் வீட்டுக்காரர்கள்தான். அதனால் உருளைக்கிழங்கு வைத்து ஏதாவது சமைக்கும் ஆங்கில வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நிமிடம் போதும். முதல் தடவை சத்தம் இல்லாமல் ஓட விடுங்கள். "என்ன செய்யறாங்க?" என்று கேளுங்கள். "தோல் உரிக்கிறாங்க மிஸ், நறுக்குறாங்க, வேக வைக்கிறாங்க, மசிக்கிறாங்க" என்று தமிழில்தான் சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: பீல், கட், பாயில், மேஷ். ஆடியோ ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் கையில் நான்கு சொற்கள் வந்துவிட்டன. புதுச் சொல்லைக் காதால் மட்டும் பிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம், ஏற்கெனவே அறிமுகமான சொல்லைப் பிடிப்பது ஆறாம் வகுப்புக்கும் முடியும்.

இரண்டாம் தடவை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் விடுங்கள். துணி போட்டு மூடினாலும் சரி, ஒலிக்கோப்பாக மாற்றி ஸ்பீக்கரில் போட்டாலும் சரி. வேலை ஒன்றே ஒன்று: அந்த நான்கு சொற்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று நோட்டில் எண் போட வேண்டும். பேசவும் வேண்டாம், வாக்கியம் எழுதவும் வேண்டாம். கடைசி பெஞ்சில் இருக்கிற பையனும் எண் போடுவான். மூன்றாம் தடவை, எத்தனை கிழங்கு, எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று எண்களை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். கேள்வியை ஆடியோவுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். கேட்டு முடித்த பிறகு கேள்வி கேட்டால் அது ஞாபக சக்திக்கு வைக்கும் பரீட்சை ஆகிவிடும்.

இதுவரை செய்தது ஆயத்தம்தான். பாடம் நான்காம் தடவையில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுங்கள். 'புட் தெம் இன் எ பேன் ஆஃப் ஹாட் வாட்டர்' என்று இருக்கிறது என்று வையுங்கள். காதில் விழுவது இப்படி இருக்காது. 'புட்டெமினபேனவ்ஹாட்வாட்டர்' என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். மூன்று நான்கு முறை போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ஒருவன் 'புட்' எழுதியிருப்பான், ஒருத்தி 'பேன்' எழுதியிருப்பாள், 'ஹாட் வாட்டர்' பாதிப் பேரிடம் இருக்கும். நான்கு பேராகச் சேர்ந்து உட்கார்ந்து வாக்கியத்தை ஒட்டுப்போடட்டும். டிக்டோகிளாஸ் என்ற வகுப்பறை முறையின் சின்ன வடிவம்தான் இது.

ஒட்டிய பிறகு எங்கே ஓட்டை என்று பாருங்கள். பெரும்பாலும் தெம், இன், எ, ஆஃப் ஆகிய சின்னச் சொற்கள்தான் விட்டுப்போயிருக்கும். இது கவனக்குறைவு இல்லை. நம் மொழியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் பங்கு கிடைத்துவிடும். ஆங்கிலம் அப்படி இல்லை. அழுத்தம் விழும் சொல் நீண்டு ஒலிக்கும், நடுவில் இருப்பவை நசுங்கி அரை ஒலியாகிவிடும். நமக்கும் குற்றியலுகரம் என்று ஒன்று உண்டே, அது வல்லின மெய்யோடு சொல்லின் கடைசியில் வந்து மாத்திரை குறைவதுபோல அங்கே வாக்கியத்தின் நடுவிலேயே குறைகிறது. (அந்த உகரத்தைத்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கும் தானமாகக் கொடுத்து 'புக்கு', 'பஸ்ஸு' என்கிறார்கள்.) இதை இலக்கணமாக விளக்க வேண்டாம். அழுத்தம் விழும் இடத்தில் டெஸ்க்கைத் தட்டச் சொல்லுங்கள்: புட், பேன், ஹாட், வாட்டர். தட்டுக்கு நடுவில் மற்றவற்றை அவசரமாக நுழைக்க வேண்டும். தட்டிக்கொண்டே ஒலிப்பதிவோடு சேர்ந்து சொல்லட்டும். முதலில் முணுமுணுப்பு, பிறகு கூட்டாக, பிறகு இரண்டிரண்டு பேராக.

பிரிட்டனைச் சேர்ந்த ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வாளர் ஜான் ஃபீல்ட் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஏறத்தாழ இதைத்தான் வலியுறுத்தினார். கேட்டல் வகுப்புகளில் ஆசிரியர்கள் சரியான விடையை எண்ணுகிறார்கள், ஆனால் தவறான விடைதான் பிள்ளையின் காது எங்கே இடறியது என்பதைக் காட்டும். உங்கள் வகுப்பு நோட்டில் இருக்கும் ஓட்டைகளைப் பார்த்து அடுத்த வாரப் பாடத்தைத் தீர்மானியுங்கள்.

பேச்சு வரவில்லை என்ற கவலைக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பார்த்த கதையைப் பற்றி 'டெல் மீ தி ஸ்டோரி' என்று எழுப்பி நிற்க வைத்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. அதுவே ஒருத்தி 'பீல் தி பொட்டேட்டோ' என்று கட்டளை போட, இன்னொருவன் கையால் நடித்துக் காட்டட்டும். தப்பாக நடித்தால் வகுப்பே சிரிக்கும், அவனும் சிரிப்பான். கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்லும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்ற பெயரில் முன்வைத்தார். பேச்சுக்கு முன்னால் கேட்டுப் புரிந்துகொள்ளும் காலம் ஒன்று தேவை, அதுவரை வற்புறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. நான் அதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்வேன். காத்திருப்பது சரி, ஆனால் எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க முடியாது. கூட்டாகச் சொல்வதை முதல் வாரமே ஆரம்பித்துவிடுங்கள். கூட்டத்தில் யார் தப்பாகச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தைரியம்தான் கூச்சத்தைப் போக்கும்.

அடுத்து வேகம். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியைப் போட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். நல்ல நிகழ்ச்சிதான், எழுத்து வடிவமும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் அது ஏற்கெனவே ஓரளவு ஆங்கிலம் தெரிந்த பெரியவர்களுக்கானது. அதை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் ஏறி ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கேட்கலாம். ஆசிரியரின் காது கூர்மையாக இருந்தால்தான் வகுப்பில் எந்த வாக்கியத்தை எடுப்பது என்று தெரியும்.

யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். என்னைக் கேட்டால் வேகத்தைத் தொடாமல், சொற்றொடர் முடியும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் போடுவதே மேல். பேச்சின் இயல்பு கெடாது, பிள்ளைக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும். நிறுத்தும் பொத்தானை ஒரு மாணவியிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கும், அதுவே ஒரு பயிற்சி.

வேகம் குறைவாகவே பதிவு செய்யப்பட்டவையும் உண்டு. அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பை ஆரம்பித்தது. ஏறத்தாழ 1500 சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கமான செய்தி வாசிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வேகம். அந்த வழியில் வந்த பழைய பதிவுகளில் எட்டாம் வகுப்புக்கு ஏற்றவை அகப்படும். செய்தி வேண்டாம், விலங்கு, விண்வெளி, உணவு பற்றியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஆறாம் வகுப்புக்கு என் முதல் சிபாரிசு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளம். அதில் ரீடலாங் என்ற பகுதியில் குரல் படிக்கப் படிக்க அந்தச் சொல் திரையில் நிறம் மாறும். படங்களில் இருப்பவை நம் ஊர்ப் பிள்ளைகள், நம் ஊர்த் தெருக்கள். பெரும்பாலும் அசையாத ஓவியங்கள் என்பதால் கார்ட்டூன் வீடியோபோலப் படம் கதையை முழுசாக அவிழ்த்துவிடாது. அந்த அளவுக்குக் காதுக்கு வேலை மிஞ்சும். பல கதைகள் தமிழிலும் இருக்கின்றன. முதல் நாள் தமிழில் படித்துவிட்டு மறுநாள் ஆங்கிலத்தில் கேட்க வைத்தால் பயம் பாதியாகக் குறையும்.

சப்டைட்டில் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் தமிழைப் படித்து முடித்துவிடும், காது சும்மா இருக்கும். நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்குவீனும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசும் காட்சிகளை டச்சு மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது, டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. அவர்கள் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள், உங்கள் ஆறாம் வகுப்பு அப்படி இல்லை என்பது உண்மைதான். எனவே தமிழ் உதவியை ஆடியோவுக்கு முன்னாலேயே தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். கதை எங்கே நடக்கிறது, யார் யார் வருகிறார்கள், கஷ்டமான சொற்கள் என்ன என்பதையெல்லாம் தமிழில் பேசிக்கொள்ளலாம். ஆடியோ ஓடும்போது மட்டும் தமிழ் வேண்டாம். ஆங்கில சப்டைட்டில் கடைசித் தடவை, சரிபார்ப்பதற்கு. யூடியூப் தானாகப் போடும் எழுத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியப் பெயர்களையும் ஊர்களையும் அது கடித்துத் துப்பிவிடும்.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். முதலில் தெளிவாகப் பேசும் இந்தியக் குரல், பழகிய பிறகு மற்றவை. யாரையும் பார்த்து நடிக்கத் தேவையில்லை, 'வாக்ட்' என்பதை 'வாக்கெட்' என்று சொல்லாமல் இருந்தால் போதும். உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பூம்பாறைக்கும் மன்னவனூர் ஏரிக்கும் வரும் சுற்றுலாப் பயணிகள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆங்கிலம் பேசுகிறார்கள். விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு, 'வேர் ஆர் யூ ஃப்ரம், வாட் டிட் யூ ஈட் டுடே' என்ற இரண்டு கேள்விக்குப் பதிலை உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். எந்த இணையதளத்திலும் கிடைக்காத பாடம் அது. 'நம்ம ஏரிக்கு வந்தவங்க' என்றாலே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

நெட் பிரச்சினைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பில் நெட்டை நம்பவே கூடாது. கொடைக்கானல் வரும் நாளில் அந்த வாரத்துக்கானதை இறக்கிக்கொள்ளுங்கள். யூடியூப் செயலியிலேயே பல வீடியோக்களை ஆஃப்லைனில் சேமிக்கலாம், ஆனால் அது அந்தச் செயலிக்குள்தான் ஓடும், நடுநடுவே நெட்டோடு இணைக்கவும் வேண்டும். வேறு செயலி வைத்து உருவி எடுப்பது அவர்கள் விதிக்கு விரோதம். ஸ்டோரிவீவர் கதைகள் திறந்த உரிமத்தில் வருகின்றன, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சொந்தமாகத் தயாரித்த பாடங்களுக்கும் காப்புரிமைத் தடை இல்லை. இவற்றைப் பென் டிரைவில் கூச்சமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். வீடியோவைவிட ஆடியோ இறங்குவதற்குப் பிடிக்கும் டேட்டா மிகக் குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நெட்டைவிடப் பெரிய எதிரி மழை. தகரக் கூரை வகுப்பறை என்றால் ஐப்பசி மழையில் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. மலையில் மதியத்துக்கு மேல்தான் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் கேட்டல் வகுப்பை முதல் பீரியடுக்கு மாற்ற முடியுமா பாருங்கள். போர்டில் இருக்கும் ஸ்பீக்கர் முன் பெஞ்சுக்குத்தான் கேட்கும். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வகுப்பின் நடுவில் வைத்து, நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, அவர்களுக்குச் சத்தமே போய்ச் சேரவில்லை என்பதுதான்.

கரண்டும் இல்லாத நாளில்? உங்கள் குரல் இருக்கிறது. போனில் நீங்களே நாற்பது வினாடி பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்: இன்று காலை பனி, பஸ் தாமதம், பூண்டு விலை என்று எதையாவது. ஆசிரியர் நேரில் நின்று பேசலாமே என்று தோன்றும். நேரில் பேசும்போது பிள்ளை விழித்தால் நாம் உடனே வாக்கியத்தை எளிதாக்கிவிடுகிறோம், கையை ஆட்டுகிறோம், தமிழுக்குத் தாவுகிறோம். பதிவு அப்படி இரக்கப்படாது. எத்தனை தடவை போட்டாலும் அதே வாக்கியத்தை அதே மாதிரிதான் சொல்லும். காதுக்கு அந்தப் பிடிவாதம் தேவை. காதை மட்டும் வைத்துக்கொண்டு ரசிப்பது உங்கள் ஊருக்குப் புதுசும் இல்லை. 100.5-இல் கொடைக்கானல் பண்பலையைக் காட்டில் வேலை செய்துகொண்டே கேட்டவர்களின் பிள்ளைகள்தானே இவர்கள்.

தலைமையாசிரியரிடம் வாதம் செய்யாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான், கேட்டலுக்கென்று ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, பன்னிரண்டு நிமிடக் கார்ட்டூனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒவ்வொரு கேட்டல் வகுப்பின் முடிவிலும் அன்றைய ஒரு வாக்கியம் தேதியோடு பிள்ளையின் கையெழுத்தில் இருக்கட்டும். முதலில் தானாக எழுதியதும், கீழே திருத்தியதும், இரண்டும். பாடநூலிலேயே கேட்டல் பயிற்சிகள் இருக்கின்றன, அவற்றை வாரம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் இது பாடத்திட்டத்துக்கு வெளியே போகும் வேலை இல்லை என்பதும் தெரிந்துவிடும். ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு இருபது நிமிடம் வகுப்பு நடக்கிறது என்பதை ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப். வீடியோ லிங்க் அனுப்ப வேண்டாம். போன் அப்பாவிடம் இருக்கும், அவர் தோட்டத்திலிருந்து வரும்போது இருட்டிவிடும், டேட்டாவும் தீர்ந்திருக்கும். பிள்ளை லிங்க்கைத் திறந்தாலும் அடுத்தடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும். அதற்குப் பதிலாக முப்பது வினாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று, வகுப்பில் படித்த அதே வாக்கியங்களை வைத்து, உங்கள் குரலில் அனுப்புங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கட்டும்: 'வாட் டிட் யுவர் மதர் குக் டுடே?' பதிலைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள், எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள் என்று பிள்ளை கூசும். உங்களுக்குத் தனியாக வாய்ஸ் மெசேஜாக அனுப்பட்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் காலை உங்கள் போனில் கேட்டுப் பதில் சொல்லட்டும். வந்த பதில்களை வேறு எங்கும் பகிராதீர்கள், யூடியூபில் ஏற்றும் ஆசை வந்தாலும் வேண்டாம். ஜூன் மாதப் பதிவை மட்டும் அழிக்காமல் வைத்திருந்து, டிசம்பரில் அந்தந்தப் பிள்ளைக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். தன் பழைய குரலைக் கேட்டால் 'ஐயோ மிஸ்' என்று முகத்தை மூடிக்கொள்ளும். மூடி முடித்ததும், அதே கேள்விக்கு இப்போது பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.